அப்பா அம்மாவுக்கு 11,000 ரூபாயில் முழு உடல் பரிசோதனை: எது கிடைத்தது, எது விடுபட்டது

தீபாவளி முடிந்த மறு வாரம், ஒரு புதன்கிழமை, அப்பாவையும் அம்மாவையும் மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்கு 'சீனியர் சிட்டிசன் பேக்கேஜ்' பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். தலைக்கு 5,500 ரூபாய். அப்பாவுக்கு 76 வயது, அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 71, பதினான்கு வருடமாகச் சர்க்கரை. நான் திண்டுக்கல்லில் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. போகும் முன் நான்கு இடங்களில் விசாரித்தேன், நான்கிலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நான் சொல்வது உங்கள் ஊர் மருத்துவமனைக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

அப்பா வரவே மாட்டேன் என்றார். "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்பதுதான் அவர் பதில். அம்மா போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், நான் துணைக்கு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவரை கவுன்டரில் வைத்துத்தான் இரண்டாவது ரசீது போட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஏழே காலுக்கு டோக்கன் கொடுத்தார்கள், ஏழே முக்காலுக்கு ரத்தம் எடுத்தாகிவிட்டது. அம்மாவுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். திண்டுக்கல் லேப்பில் இரண்டு கையிலும் மூன்று நான்கு முறை குத்துவார்கள், ஒரு வாரம் நீலம் பாரித்துக் கிடக்கும். இங்கே இருந்த பெண் அம்மாவின் கையை வெந்நீர்ப் பையில் இரண்டு நிமிடம் வைத்திருந்து, ஒரே குத்தில் எடுத்துவிட்டார். ஸ்கேன் எடுத்ததும் பெண்தான், அம்மாவுக்கு அது பெரிய நிம்மதி. சக்கர நாற்காலி கேட்டவுடன் வந்தது. கேன்டீன் டோக்கனில் இட்லி, பொங்கல், சர்க்கரை போடாத காபி. எல்லாம் சுத்தம்.

ஆனால் அந்த இட்லி வருவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. முன்பதிவு செய்தபோது தொலைபேசியில், "வெறும் வயித்துல வாங்க, தண்ணி மட்டும் குடிக்கலாம், பிரஷர் மாத்திரை வழக்கம்போல போட்டுக்கலாம்" என்றார்கள். சர்க்கரை மாத்திரையைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அம்மா பழக்க தோஷத்தில் காலை ஆறு மணிக்கே கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ரத்தம் கொடுத்த பிறகு வயிற்று ஸ்கேன் முடியும்வரை சாப்பிடக் கூடாது என்று உட்கார வைத்திருந்தார்கள். ஒன்பதரை மணிக்கு அம்மாவின் நெற்றியெல்லாம் வேர்த்தது. குளிர்சாதன அறையில் ஏன் வேர்க்கிறது என்று கையைப் பிடித்தால் விரல்கள் நடுங்கின. பேசினால் பதில் கோர்வையாக வரவில்லை.

ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். விரலில் குத்திப் பார்த்தால் 58. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வுதான். அந்த நர்ஸ் ஒரு நொடிகூடப் பதறவில்லை. தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கலக்கிக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்தினார். 94. பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அவருக்கு நான் கை கூப்பி நன்றி சொன்னேன். ஆனால் முன்பதிவில் ஒரே ஒரு கேள்வி, "சர்க்கரை மாத்திரை என்ன போடுறாங்க?" என்று கேட்டிருந்தால் இது நடந்தே இருக்காது. வயதானவர்களுக்கென்று பெயர் வைத்த பேக்கேஜில் அந்தக் கேள்வி இல்லாமல் இருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் யாரையாவது அழைத்துப் போனால், சர்க்கரை மாத்திரையை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். உங்கள் பையில் வைத்திருந்து, சாப்பாடு தட்டில் வந்த பிறகு கொடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் முதல் நாளே தங்கள் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்கேனுக்குச் சிறுநீரை அடக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். இளவட்டத்துக்குச் சரி, புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி) வீங்கிய 76 வயதுக்காரருக்கு ஐம்பது நிமிடம் அது நரகம். இரண்டு முறை எழுந்து போய்ச் சொன்ன பிறகுதான் முன்னால் கூப்பிட்டார்கள். மாதிரி எடுக்கும் கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, தரையில் ஈரம். கை நடுங்குகிறவர் ஒரு கையில் பிளாஸ்டிக் டப்பாவைப் பிடித்துக்கொண்டு எதைப் பிடித்து நிற்பார்? நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "மெதுவாப்பா, மெதுவாப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பட்டியலில் இதயத்துக்கான டிரெட்மில் பரிசோதனை இருந்தது. முழங்கால் தேய்ந்தவரை ஓடும் பட்டையில் எப்படி ஏற்றுவது? முடியாது என்றதும், எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துக்கொள்ளலாம், 1,600 கூடுதல் என்றார்கள். டிரெட்மில்லுக்கான பணத்தைக் கழிக்கவில்லை. எக்கோ நன்றாக இருந்தது, அதனால் நான் மேலே பேசவில்லை.

அன்றைக்குக் கொடுத்த காசுக்கு முழுப் பலன் தந்தது கண் பரிசோதனை. பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு, விழித்திரையைப் படம் எடுத்துக் காட்டினார்கள். அம்மாவின் வலது கண்ணில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பின் தொடக்கம், இப்போதைக்குப் பார்வைக்கு ஆபத்தில்லை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து வருடம் ஒருமுறை பார்த்தால் போதும் என்றார் கண் மருத்துவர். பதினான்கு வருடத்தில் அம்மா கண்ணாடிக் கடைக்குப் போய் எழுத்து வாசித்துக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். கண்ணாடிக் கடையில் பார்ப்பது பவர். இது வேறு. வலியோ மங்கலோ எதுவும் இல்லாமல் உள்ளே நடந்துகொண்டிருக்கும் விஷயம். சொட்டு மருந்து போட்டால் மூன்று நான்கு மணி நேரம் வெளிச்சம் கண்ணைக் கூசும், ஒரு குடையாவது எடுத்துப் போங்கள்.

கடைசியில் பொது மருத்துவர். இருவருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம். நல்ல மனிதர், வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தடித்த எழுத்தில் அச்சான எண்களை மட்டும் பார்த்தார். "ஐயாவுக்கு சோடியம் கொஞ்சம் கம்மி, சாப்பாட்டுல உப்பு சேர்த்துக்கட்டும். பி.எஸ்.ஏ. கூட இருக்கு, யூராலஜி பாருங்க. அம்மாவுக்கு மூணு மாச சுகர் 7.6, பரவாயில்ல. மத்ததெல்லாம் நார்மல்." இரவு ஏழரை மணிக்கு ஆளுக்குப் பத்தொன்பது பக்க ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது.

அந்த பி.எஸ்.ஏ.வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய்க்கான ரத்தக் குறியீடு அது. அப்பாவுக்கு 5.4. ரிப்போர்ட்டில் '4 வரை' என்று போட்டிருந்தது. அப்பா நன்றாக வாசிப்பார். மறுநாள் காலை அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "கேன்சராம்மா?" என்று என்னிடம் கேட்கவில்லை, எதிர்வீட்டு அண்ணனிடம் கேட்டிருக்கிறார். இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. சாப்பாடு பாதியானது. மருத்துவமனையிலிருந்து எம்.ஆர்.ஐ.க்கும் தேவைப்பட்டால் சதைப் பரிசோதனைக்கும் நாள் குறிக்கலாமா என்று இரண்டு முறை அழைத்தார்கள்.

அப்போதுதான் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா, திண்டுக்கல்லிலேயே முதியோர் நல மருத்துவம் படித்த ஒரு டாக்டர் இருப்பதாகச் சொன்னார். முதியோருக்கென்று தனி மருத்துவம் இருப்பதே பலருக்குத் தெரியாது. இந்தியாவில் அந்தத் துறைக்கு விதை போட்டதே நம் ஊர்தான். 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கி வைத்தார். இந்த டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆளுக்கு 600 ரூபாய். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் எங்களோடு இருந்தார்.

உள்ளே போனவுடன் ரிப்போர்ட்டை வாங்கவில்லை. "வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையும் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். முன்பதிவிலேயே சொல்லியிருந்ததால் ஒரு மஞ்சப்பை நிறையக் கொண்டு போயிருந்தோம். மேசையில் கொட்டிப் பரப்பினார். அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை ஒருவர் எழுதியது, அதில் நீர் பிரியும் மருந்தும் கலந்திருந்தது. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் வேறொருவர் எழுதியது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

அப்புறம் அப்பாவைப் பார்த்து, "ஐயா, எந்திரிச்சா கிர்ருன்னு வருதா?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "ராத்திரி எந்திரிக்கும்போது வரும். கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்குவேன்" என்றார். எங்கள் யாருக்கும் தெரியாது. படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார், 148/84. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தார், 122/74. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 குறைந்தாலே கவனிக்க வேண்டும், இவருக்கு 26 குறைந்திருக்கிறது. மருத்துவமனையில் அன்று இரண்டு முறை பிரஷர் பார்த்தார்கள், இரண்டு முறையும் நாற்காலியில் உட்கார வைத்துத்தான். டாம்சுலோசினும் நீர் மாத்திரையும் சேர்ந்து எழும்போது பிரஷரைத் தள்ளிவிடுகின்றன, அந்த நீர் மருந்துதான் சோடியத்தையும் 131க்குக் கொண்டு வந்திருக்கிறது என்றார். பிரஷர்காரருக்கு உப்பைக் கூட்டச் சொல்வது சரியான வழி இல்லை என்று சொல்லி, மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது சோடியம் 137.

பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். கைபேசியில் நேரம் வைத்துக்கொண்டார். பெரிதாக ஒன்றும் இல்லை, தரையில் மூன்று மீட்டருக்கு ஒரு டேப் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு விநாடிக்கு மேல் ஆனால் விழும் வாய்ப்பு அதிகம் என்று கணக்கு. அப்பாவுக்குப் பதினேழு. "இந்த வயசுல ஒரு தடவை விழுந்து இடுப்பு ஒடிஞ்சா, அதுக்கப்புறம் வாழ்க்கையே வேற" என்றார். பிசியோதெரபியில் நான்கு பயிற்சிகளை எழுதிக் கொடுத்தார். இரவில் கட்டிலை விட்டு எழும் முன் ஒரு நிமிடம் காலைத் தொங்கப் போட்டு உட்காரச் சொன்னார். கழிப்பறையில் கம்பி வைக்கச் சொன்னார். கம்பியும் கொத்தனார் கூலியும் சேர்த்து 1,150 ரூபாய் ஆனது.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு காதிலும் அழுக்கு கட்டியாக அடைத்திருந்தது. முப்பது வருடம் பஸ் இரைச்சலில் நின்றதால் காது போய்விட்டது என்று நாங்களே முடிவு செய்து, நான்கு வருடமாக அவரிடம் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம். காது மருத்துவரிடம் அழுக்கை எடுத்த பிறகும் கொஞ்சம் குறைபாடு இருக்கிறது, கேட்கும் கருவி வேண்டியிருக்கலாம். ஆனால் இப்போது டி.வி. சத்தம் பாதிதான்.

பி.எஸ்.ஏ. விஷயத்துக்கு வந்தார். எழுபது வயதுக்கு மேல் இந்தச் சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இலேயே சொல்லியிருக்கிறது என்றார். வீங்கிய புராஸ்டேட் இருந்தாலே அது ஏறும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் ஏறும். மெதுவாக வளரும் ஒரு கட்டியைத் தேடிப் போய், சதை எடுக்கும் ஊசியால் தொற்றையும், அதற்குப் பிறகு செய்யும் சிகிச்சையால் சிறுநீர்க் கசிவையும் வரவழைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எடுத்தாகிவிட்டது, அதனால் ஆறு வாரம் கழித்து ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். டிசம்பரில் பார்த்தோம், 4.1. அந்த அளவில் இந்த வயதுக்கு ஒன்றும் தோண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று மதியம் அப்பா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவின் பட்டியலில் இருந்த சி.ஏ.125ம், அதாவது சினைப்பைப் புற்றுநோய்க்கான ரத்தக் குறியீடும், இப்படித்தான். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு அதைச் சல்லடை போல் பயன்படுத்தச் சொல்லி எந்த வழிகாட்டுதலும் இல்லையாம்.

அம்மாவின் முறை வந்தபோது 'நார்மல்' என்று விட்ட ஒரு எண்ணில் பேனாவை வைத்தார். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.1. லேப் போட்டிருந்த எல்லை 1.2, அதனால் தடித்த எழுத்து இல்லை. ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்துச் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டால் 53 வருகிறது. அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு. அந்தக் கணக்கைப் பத்தொன்பது பக்கத்தில் எங்கேயும் போடவில்லை. சிறுநீரில் புரதம் நுண்ணிய அளவில் கசிகிறதா என்ற சோதனையும் பேக்கேஜில் இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு வருடா வருடம் பார்க்க வேண்டியது அது. மஞ்சப்பையில் இருந்த டைக்லோபினாக் அட்டையை எடுத்து, "இது யாருக்கு?" என்றார். அம்மா முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடுவது. வாரத்துக்கு மூன்று நான்கு. "இதை இன்னையோட நிறுத்திருங்கம்மா, சிறுநீரகத்துக்கு ஆகாது" என்றார்.

காலில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு இழையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இடது கட்டைவிரலில் அம்மாவுக்குத் தெரியவில்லை. அம்மா சர்க்கரைக்குப் போடும் இன்னொரு மாத்திரையான மெட்பார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையும், காலில் மரத்துப் போவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்று பார்க்கச் சொன்னார். 168 இருந்தது, குறைவுதான். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார். நாற்பது வருடம் வெற்றிலை பாக்கு போடும் வாய். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம். மதுரையில் அன்று ஆறு பேர் அம்மாவைத் தொட்டுப் பார்த்தார்கள், ஒருவர்கூட வாயைத் திறக்கச் சொல்லவில்லை. புண் எதுவும் இல்லை, மாரியம்மன் புண்ணியம். இப்போது பாக்கைக் குறைத்திருக்கிறார், விடவில்லை.

எலும்பு அடர்த்தி ஸ்கேனும் பேக்கேஜில் கிடையாது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, அதுவும் 65 தாண்டியவர்களுக்கு, இதைவிட முக்கியமான சோதனை என்ன இருக்கிறது? முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்ப்பது ஒரு தோராயம்தான், இடுப்பிலும் முதுகுத்தண்டிலும் எடுக்கும் டெக்ஸாதான் கணக்கு. தனியாக எடுத்தோம், இடுப்பில் மைனஸ் 2.7. மைனஸ் 2.5க்குக் கீழே போனால் எலும்புப்புரை. மருந்து தொடங்கியிருக்கிறார்.

இந்த பேக்கேஜுக்கு நான் ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். அந்த இரண்டரையும் கண் பிரிவுக்கும், ரத்தம் எடுத்த பெண்ணுக்கும், அந்த நர்ஸுக்கும். ரத்தச் சோதனைகளின் தரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வயதானவர்கள் எப்படி நடக்கிறார்கள், எழுகிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்று பார்க்க ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் அரை மணி நேரமும் போதும். அதைப் பேக்கேஜில் சேர்க்காததுதான் என் மனக்குறை. மறுபடி போனால் ரத்தத்தை இங்கேயே நல்ல லேப்பில் எடுத்துவிட்டு, கண்ணுக்கு மட்டும் மதுரை போவேன்.

பணம் இல்லாதவர்கள் ஒன்றுமே செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம். அப்பாவுக்குப் பிரஷர் இருப்பதை முதலில் கண்டுபிடித்ததே மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்த தன்னார்வலர் பெண்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. எங்கள் தெருவுக்கு வரும் பெண் திண்ணையிலேயே உட்கார்ந்து பிரஷரும் சுகரும் பார்ப்பார், அம்மாவின் மெட்பார்மின் அவர் கொண்டு வருவதுதான். சென்னையில் இருப்பவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனை இருக்கிறது, 2016இல் தொடங்கியபோது 1,000, 2,000, 3,000 என்று மூன்று கட்டணம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 முதல் முதியோருக்கென்றே 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மையம் இயங்குகிறது.

ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய வருமான வரி முறையில் இருந்தால் நோய் வருமுன் செய்யும் இந்த மாதிரிப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு, பணமாகக் கட்டியிருந்தாலும் செல்லும்.

பிப்ரவரி முதல் வாரம் அம்மாவுக்கு மறுபடி கிரியாட்டினின் பார்க்க வேண்டும். அதே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எழுதியிருக்கிறார் டாக்டர். தெருமுனை லேப்தான், ஆறரைக்குத் திறப்பார்கள். கிளிமிபிரைடு அட்டையை முதல் நாள் இரவே என் கைப்பைக்கு மாற்றிவிடுவேன். இட்லியும் டப்பாவில் கூடவே வரும்.